உள்சுவருக்குக் கிரீமா, கிரேயா?



தைப் பொங்கலுக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. நம் கருணாபுரத்தில் தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது சாரம் கட்டியாகிவிட்டது. இந்த வருஷம் எனக்கு வாட்ஸ்அப்பில் வருகிற கேள்விகளில் பாதி ஒரே கேள்வி: "டீச்சர், ஹாலுக்கும் ரூமுக்கும் கிரீம் அடிக்கலாமா, லைட் கிரே அடிக்கலாமா?" சில வீட்டில் இது பஞ்சாயத்து அளவுக்குப் போயிருக்கிறது. பையன் கிரே என்கிறான், அம்மா கிரீம் என்கிறாள். நடுவில் கொத்தனாரும் பெயிண்டரும் ஆளுக்கு ஒரு கட்சி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் செய்ய விரல் ஒத்துழைக்கவில்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் 45 நிமிஷம் உட்கார்ந்த பிள்ளைகள்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வீட்டின் உள்சுவருக்குக் கிரீம். ஆனால் கதவு, நிலை, சுவரின் அடிப்பட்டை இவற்றையும் அதே கிரீமில் மூழ்கடிக்கக் கூடாது. கலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்த அறையில் அதிக நேரம் இருப்பவருக்கே. காரணம் வேண்டாதவர்கள் இதோடு நிறுத்திக்கொண்டு பெயிண்ட் கடைக்குப் போகலாம். வேண்டும் என்பவர்கள் மேலே வாருங்கள்.

முதலில் நம் வீடுகளைப் பாருங்கள். நகரத்துக்குள் நம் தெரு வீடுகள் ஒன்றை ஒன்று ஒட்டி நிற்பவை. வலது சுவர் ஒருவருக்கு, இடது சுவர் இன்னொருவருக்கு. வெளிச்சம் வர முன்பக்கம் ஒரு ஜன்னல், பின்பக்கம் ஒரு கதவு. நடு ரூமுக்கு அதுவும் இல்லை, பகலிலேயே லைட் போட்டுத்தான் சட்டைப் பொத்தான் தேட வேண்டும். சுற்றுக் கிராமங்களில் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் கட்டுகிற வீடு மொத்தம் 360 சதுர அடி. அதற்குள் சமையல், படுக்கை, படிப்பு எல்லாம் நடக்க வேண்டும். இப்படிப்பட்ட வீட்டில் வெளிச்சம் என்பது அரிசி, பருப்பு மாதிரி அளந்து செலவழிக்க வேண்டிய பண்டம்.

போனில் நீங்கள் பார்க்கிற அந்த அழகான கிரே ஹால் எந்த வீட்டில் எடுத்த படம் என்று கவனியுங்கள். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்கூரையில் பத்து லைட். எதிரே மறைக்க ஒரு வீடும் இல்லை. அங்கே வெளிச்சம் கொட்டிக் கிடக்கிறது, அதை அடக்க ஒரு கிரே தேவைப்படுகிறது. நமக்கு அடக்க என்ன இருக்கிறது?

இனி கணக்குக்கு வருகிறேன். கணக்கு டீச்சர் பதிவில் கணக்கு இல்லாமல் போனால் நீங்களே சிரிப்பீர்கள்.

ஒரு சுவரில் விழுகிற ஒளியில் எவ்வளவு பங்கைச் சுவர் திருப்பி அனுப்புகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு. எல்.ஆர்.வி. என்று பெயிண்ட் கம்பெனிகள் சொல்லும். ஒளியை முழுதாக விழுங்கும் கறுப்புக்கு 0, முழுதாகத் திருப்பும் வெள்ளைக்கு 100. கிரீம், ஐவரி வகையெல்லாம் பொதுவாக 70-லிருந்து 80 வரை. லைட் கிரே என்றால் 60-ஐ ஒட்டி. இப்போது பையன்கள் காட்டுகிற நடுத்தரக் கிரே 45-க்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருக்கும்.

75-க்கும் 45-க்கும் 30 தானே வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். ஒளி ஒரு முறை சுவரில் பட்டுத் திரும்புவதோடு நிற்பதில்லை. எதிர்ச் சுவரில் பட்டு மறுபடி திரும்புகிறது, கூரையில் பட்டு இன்னொரு முறை. முதலில் 100 பங்கு ஒளி என்றால், அடுத்து 75, அதற்கடுத்து 56, பிறகு 42, இப்படியே தேய்ந்துகொண்டு போகும். இதை எங்கே பார்த்தோம்? பெருக்குத் தொடர்! முடிவில்லாமல் போகிற தொடருக்குக் கூடுதல் கண்டுபிடித்தோமே, முதல் உறுப்பை, ஒன்றிலிருந்து பொது விகிதத்தைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும் என்று. "இது வாழ்க்கையில் எதுக்கு டீச்சர் உதவும்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து கேட்டவர்களே, இதோ உதவுகிறது.

எல்லாப் பக்கமும் 75 சதவீதம் திருப்புகிற பெட்டிக்குள் 100 பங்கு ஒளி விட்டால், பட்டுப் பட்டுத் திரும்புவதெல்லாம் சேர்த்து 400 பங்கு. எல்லாப் பக்கமும் 45 சதவீதம் என்றால் 182 பங்குதான். பாதிக்கும் குறைவு.

நிஜ அறையில் கூரையும் தரையும் வேறு நிறம் என்பீர்கள். சரி, அதையும் போட்டுவிடுவோம். பத்துக்குப் பத்து ரூம், உயரமும் பத்து அடி. நான்கு சுவரும் சேர்த்து 400 சதுர அடி, கூரை 100, தரை 100. கூரை வெள்ளை, 80 என்று வையுங்கள். தரை கொஞ்சம் அடர்த்தி, 30. சுவர் கிரீமாக 75 இருந்தால் மொத்த அறையின் சராசரி 68-க்குச் சற்று மேல். கூடுதல் ஒளி 316 பங்கு. சுவர் 45 உள்ள கிரே என்றால் சராசரி 48, ஒளி 194 பங்கு. 60 உள்ள லைட் கிரே என்றால் 240 பங்கு. அதாவது அதே ஜன்னல், அதே பல்பு. கிரீம் அறையில் 100 ரூபாய் வெளிச்சம் இருந்தால் லைட் கிரேயில் 76 ரூபாய், நடுத்தரக் கிரேயில் 61 ரூபாய். கதவு, கட்டில், பீரோ, கொடியில் தொங்கும் துணி இவை எல்லாம் இந்த எண்ணைக் கொஞ்சம் மாற்றும். வரிசை மாறாது.

"லைட்டைக் கூட்டிவிட்டால் போச்சு டீச்சர்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். அதையும் கணக்குப் போட்டேன். 9 வாட் எல்.இ.டி. தருகிற வெளிச்சத்தை நடுத்தரக் கிரே ரூமில் பெறச் சுமார் 15 வாட் வேண்டும். ஆறு வாட் அதிகம். தினமும் ஆறு மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு இரண்டு யூனிட் சொச்சம். அரசு தருகிற இலவச யூனிட்டில் அது ஒன்றுமே இல்லை. ஆகவே கரண்ட் பில்லைக் காட்டி நான் யாரையும் பயமுறுத்த மாட்டேன். என் கவலை வேறு. நம் வீட்டில் யாரும் அந்தப் பெரிய பல்பை வாங்கி மாட்டுவதில்லை. இருட்டாக இருக்கிறதே என்று இரண்டு நாள் சொல்வார்கள். மூன்றாம் நாள் பழகிவிடும். பிள்ளை புத்தகத்தை மூக்கருகே வைத்துப் படிக்கும். பாட்டி அரிசியில் கல் தெரியவில்லை என்று முறத்தை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போவாள். சுவர் விழுங்கிய வெளிச்சத்துக்கு அவர்கள் தங்கள் கண்ணால் வட்டி கட்டுவார்கள்.

இங்கேதான் வயது கணக்கு வருகிறது. வயது ஏற ஏறக் கண்ணின் பாவை சிறுத்துப் போகிறது, உள்ளிருக்கும் வில்லை மஞ்சளாகிறது. 60 வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேருகிற ஒளி, 20 வயதுப் பிள்ளைக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்று கண் மருத்துவத்தில் சொல்வார்கள். புரை விழ ஆரம்பித்தவருக்கு அதிலும் குறைவு. கிரே நிறத்தைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் 25 வயதுக் கண். அந்தச் சுவர்களுக்குள் பகல் முழுக்க இருக்கப் போவது 65 வயதுக் கண். இருவர் பார்ப்பதும் ஒரே அறை இல்லை.

சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற என் பிள்ளைகளிடம் இதை உரிமையோடு சொல்கிறேன். பணம் அனுப்புவது நீதான், சந்தேகமே இல்லை. அந்த உழைப்பை நான் அறிவேன். ஆனால் வருஷத்தில் பத்து நாள் வந்து தங்குகிறவன், 355 நாள் இருக்கிறவர்களுக்கு வீடியோ காலில் நிறம் தேர்ந்தெடுக்கிறாய். அம்மா "உன் இஷ்டம்பா" என்பாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. அவள் வாழ்நாள் முழுக்க எல்லோருக்கும் சொல்லி வந்த வாக்கியம் அது. ஷேட் கார்டை அவள் கையில் கொடுத்து, "இதில் எது உனக்குப் பளிச்சென்று தெரிகிறது?" என்று கேட்டுப் பார். பதில் வேறாக வரும்.

அடுத்து, நிறத்தின் குணம். கிரீம், கிரே இரண்டையும் நடுநிலை நிறம் என்கிறார்கள். கட்டில், திரை, புடவை எதோடும் சண்டை போடாது என்பதால் அந்தப் பெயர். ஆனால் இரண்டுமே முழு நடுநிலை கிடையாது. கிரீமில் வெள்ளையோடு கொஞ்சம் மஞ்சள் காவி கலந்திருக்கும். கிரேயில் வெள்ளையோடு கறுப்பு, கூடவே துளி நீலமோ பச்சையோ ஊதாவோ ஒளிந்திருக்கும். அட்டையில் அது தெரியாது. நான்கு சுவரிலும் அடித்த பிறகு தலை காட்டும். நம் வீடுகளில் நீல வாடை அடிக்கிற வெள்ளை ட்யூப்லைட்தான் அதிகம். அதன் கீழே கிரே இன்னும் நீலமாகி ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி ஆகிவிடும். மஞ்சள் பல்பு போட்டால் சில கிரே சேற்று நிறத்துக்குப் போகும். எதிர்வீட்டுக்காரர் பச்சையோ ரோஸோ அடித்திருந்தால் அதுவும் ஜன்னல் வழியாக உள்ளே வந்து கிரேயின் மேல் உட்காரும். கிரீமும் மாறத்தான் செய்யும். ட்யூப்லைட்டில் வெள்ளையாகும், பல்பில் மஞ்சளாகும். இரண்டும் நாம் பழகிய முகம், பயமுறுத்தாது.

பழைய காலத்தில் இந்தக் கேள்வியை வேறு விதத்தில் தீர்த்திருந்தார்கள். போகிக்கு முன் சுண்ணாம்பு நீற்றி, அதில் துளி நீலம் கலந்து அடிப்பார்கள். சுண்ணாம்பின் பழுப்பை நீலம் சரிக்கட்டிப் பளீர் வெள்ளையாகக் காட்டும். நீலம் கூடினால் வானம் மாதிரி ஆகிவிடும், குறைந்தால் பழுப்பு. அந்தத் துளிக் கணக்கு வீட்டுப் பெண்களின் கைக்குத் தெரிந்திருந்தது. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை பிடிக்காது. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து அது மறுபடி கல்லாக இறுகும். சின்ன ஜன்னலும் தடித்த மண் சுவருமாக இருந்த அந்த வீடுகளுக்கு உள்ளே வெள்ளைதான் வேண்டும் என்பதை எல்.ஆர்.வி. என்ற பெயர் தெரியாமலே அவர்கள் தெரிந்து வைத்திருந்தார்கள். டிஸ்டெம்பர் வந்து, எமல்ஷன் வந்து, ஆயிரம் நிறம் கடைக்கு வந்த பிறகுதான் நமக்குக் குழப்பம் வந்தது.

அழுக்கு விஷயத்தில் இரண்டுக்கும் நியாயமாக மார்க் போடுகிறேன். தலை எண்ணெய்க் கறை, சுவிட்சைச் சுற்றி விரல் தடம், கொசுவத்திப் புகை, பிள்ளைகளின் பென்சில் கோலம் இவற்றைக் கிரே கொஞ்சம் மறைக்கும், கிரீம் காட்டிக்கொடுக்கும். கிரேவுக்கு ஒரு மார்க். ஆனால் நம் தெருவில் பல வீட்டுக்கு அடிச்சுவரில் ஓதம் உண்டு. கோமுகி ஆறு பக்கத்தில். மழைக்காலத்தில் ஓதம் ஏறி, வெயில் வந்ததும் சுவரில் வெள்ளையாக உப்புப் பூக்கும். கிரேயில் அது தேமல் மாதிரி எடுத்துக் காட்டும், கிரீமில் தெரியாது. கிரீமுக்கு ஒரு மார்க். கூரை ஒழுகிப் பழுப்பு வளையம் விழுந்தால் கிரீமில் தெரியும். அது தெரிவது நல்லது என்பேன், ஒழுகலை அப்போதே சரிபார்ப்போம். ஒட்டுப் போடுவதிலும் ஒரு வித்தியாசம். கிரீம், ஐவரி எல்லாம் பல கம்பெனிகளில் ரெடிமேடாகவே டப்பாவில் வரும். கிரே பெரும்பாலும் கடை மெஷினில் கலந்து தருவது. ஒரு வருஷம் கழித்து அரை லிட்டர் வாங்கி ஆணி அடித்த இடத்தில் பூசினால் புதுத் துண்டு தனியாகத் தெரியலாம். எதை வாங்கினாலும் டப்பா மூடியில் ஒட்டியிருக்கும் ஷேட் நம்பரைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

ஒரு தவறான நம்பிக்கையையும் தீர்த்துவிடுகிறேன். "கிரே அடித்தால் வீடு சூடாகும்" என்று கிரீம் கட்சிக்காரர்கள் சிலர் சொல்கிறார்கள். நானும் கிரீம் கட்சிதான், ஆனால் பொய்க் காரணம் எனக்கு வேண்டாம். வெயில் படாத உள்சுவர் என்ன நிறமாக இருந்தாலும் சூட்டில் பெரிய வித்தியாசம் வராது. சூடு இறங்குவது மொட்டைமாடித் தளத்திலிருந்து. மிச்சமிருக்கும் பணத்தில் மாடித் தரைக்கு வெள்ளையடியுங்கள், சித்திரையில் எனக்கு நன்றி சொல்வீர்கள்.

இனி கதவு, நிலை, அடிப்பட்டை பற்றி. இந்தப் பதிவில் எனக்கு முக்கியமான பகுதி இதுதான்.

2024 ஜூனுக்குப் பிறகு நம் ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் ஒரு நிமிஷம் பேசாமல் இருக்கிறார்கள். விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதிகம் இழந்தது நம் கருணாபுரம். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களின் வீடுகளும் அதில் உண்டு, அதைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். பிழைத்து வந்தவர்களிலும் பார்வை கெட்டவர்கள் இருக்கிறார்கள். அது போகச் சர்க்கரையால் பார்வை மங்கியவர்கள், புரையை ஆப்பரேஷன் செய்யாமல் தள்ளிப்போடுகிறவர்கள் எந்தத் தெருவிலும் உண்டு. அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், நிறம் என்பது அலங்காரம் இல்லை. அவர் சுவரில் இடித்துக்கொள்ளாமல் கக்கூசுக்குப் போய் வருவது அதில் இருக்கிறது.

மங்கிய பார்வைக்கு இரண்டு தேவை. ஒன்று வெளிச்சம். அதைக் கிரீம் தரும். இன்னொன்று எல்லை. சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது, கதவு எங்கே, சுவிட்ச் எங்கே என்று பிரித்துக் காட்டுகிற வேறுபாடு. இதில் கிரீம் பல வீடுகளில் தோற்றுவிடுகிறது. கிரீம் சுவர், கிரீம் கதவு, கிரீம் டைல்ஸ், வெள்ளைச் சுவிட்ச் பெட்டி. நல்ல கண்ணுக்கு நேர்த்தி. மங்கிய கண்ணுக்கு எல்லாம் ஒரே பால் கடல். பிரிட்டனில் கட்டட வழிகாட்டி நெறிகளில், அடுத்தடுத்து இருக்கிற பரப்புகளுக்கு நடுவே அந்த எல்.ஆர்.வி. எண்ணில் 30 புள்ளியாவது வித்தியாசம் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நாமும் அதைப் பின்பற்ற ஒரு செலவும் இல்லை. சுவர் 75 என்றால் நிலையும் கதவும் 45-க்குக் கீழே. அடர் காப்பி நிறம் போதும். தரையை ஒட்டி நான்கு விரல் உயரத்துக்கு அதே நிறத்தில் பட்டை ஓட்டுங்கள். படியிருந்தால் ஒவ்வொரு படியின் விளிம்பிலும் ஒரு கோடு. சுவிட்ச் பெட்டியைச் சுற்றி அடர் நிறத்தில் ஒரு சட்டம். அவ்வளவுதான். மரக் கதவாக இருந்தால் பெயிண்டே வேண்டாம், வார்னிஷ் போதும். மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் நம் கள்ளக்குறிச்சி. மரத்தின் நிறம் கிரீம் சுவரில் எடுத்துக் காட்டுவது போல வேறெதிலும் காட்டாது என்பது என் எண்ணம்.

கிரே பிரியர்கள் கோபிக்க வேண்டாம். கிரேவுக்கு இடம் இருக்கிறது. மூன்று பக்கம் ஜன்னல் உள்ள வீடு, தோட்டத்து நடுவே இருக்கிற வீடு, கல்வராயன் மலையில் சுற்றிலும் திறந்த வெளியோடு இருக்கிற வீடு, கண் கூசுகிற மாடி அறை, இங்கெல்லாம் லைட் கிரே இதமாக இருக்கும். பகலில் தூங்கி இரவு ஷிஃப்ட்டுக்குப் போகிறவரின் அறைக்கும் பொருந்தும். சின்ன வீட்டிலும் ஆசையாக இருக்கிறதா? ஒரே ஒரு சுவரில் அடியுங்கள். முன்பு சொன்ன அதே பத்துக்குப் பத்து ரூமில் ஒரு சுவர் மட்டும் நடுத்தரக் கிரே, மற்ற மூன்றும் கிரீம் என்றால் ஒளி 316-லிருந்து 273-ஆகத்தான் குறைகிறது. நூற்றுக்கு 14 ரூபாய் நஷ்டம், தாங்கலாம். டி.வி. மாட்டுகிற சுவர் அதற்குச் சரி. ஜன்னல் இருக்கிற சுவரில் மட்டும் வேண்டாம். வெளி வெளிச்சத்துக்கும் இருண்ட சுவருக்கும் வித்தியாசம் கூடிக் கண் கூசும். அம்மாவுக்கு மூன்று சுவர், பையனுக்கு ஒரு சுவர். நல்ல பஞ்சாயத்துத் தீர்ப்புதானே?

கடைக்குப் போகுமுன் செய்ய வேண்டியவை சில:

1. போன் திரையைப் பார்த்து நிறம் முடிவு செய்யாதீர்கள். திரை தானே ஒளி விடுகிறது, சுவர் விடாது.

2. மிகச் சின்ன டப்பா ஒன்று வாங்கி, வெள்ளைச் சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். ஈரத்தில் தெரிவதைவிடக் காய்ந்த பின் சற்று அடர்த்தியாகத் தெரியும். அந்தச் சார்ட்டைக் காலையில், நடுப்பகலில், ராத்திரி லைட்டில் அறையின் ஒவ்வொரு சுவரிலும் பிடித்துப் பாருங்கள். வீட்டில் வயதானவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

3. ஷேட் கார்டில் எல்.ஆர்.வி. எண் இருந்தால் கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் பரவாயில்லை. ஒரு வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எது வெளிச்சம் தரும் என்பது பிடிபடும்.

4. பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் நேரே எமல்ஷன் அடித்தால் அப்பளம் மாதிரி உரிந்துவிடும். நன்றாகச் சுரண்டி, பிரைமர் அடித்த பிறகுதான். ஓதம் உள்ள சுவருக்கு முதலில் ஓதத்தைப் பாருங்கள். அதன் மேல் எந்த நிறமும் நிற்காது.

5. பழைய கதவு, ஜன்னல் கம்பியைச் சுரண்டும்போது குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் தள்ளி வையுங்கள். பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருந்திருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் போடப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈரத்துணி போட்டு நனைத்துச் சுரண்டுங்கள், தூள் பறக்க வேண்டாம். புதிதாக வாங்கும்போது டப்பாவில் ஈயம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

6. அளவு: பத்துக்குப் பத்து ரூமின் சுவருக்குக் கதவு, ஜன்னல் போக 350, 360 சதுர அடி. பட்டி பார்த்து வழவழப்பான சுவரில் இரண்டு கோட்டுக்கு மூன்று லிட்டர் பக்கம் ஆகும். சொரசொரப்புச் சுவருக்குக் கூடும். மொத்தமாக ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள்.

என் மாணவர்களில் பெயிண்டர் வேலைக்குப் போகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்காரர் எந்த நிறம் சொன்னாலும் அடித்துவிட்டு வருவது சுலபம். டப்பாவைத் திறக்கும் முன்னால், "இந்த ரூமில் யார் இருக்கிறாங்க?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பாட்டி என்றால், படிக்கிற பிள்ளை என்றால், கண் தெரியாத மாமா என்றால், அடர்நிறப் பட்டையை நீங்களே சொல்லுங்கள். அரை மணி நேர வேலை. அதற்கு யாரும் உங்களுக்குத் தனியாகக் கூலி தர மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த பொங்கலுக்கு அந்த வீட்டார் உங்களைத்தான் தேடி வருவார்கள்.

அபிப்பிராய பேதம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். கணக்கில் பிழை கண்டுபிடிப்பவருக்குப் பொங்கலன்று எங்கள் வீட்டில் கரும்பு உண்டு. அம்மா அப்பாவிடம் ஷேட் கார்டைக் கொடுத்துக் கேட்டவர்கள், அவர்கள் எந்த நிறத்தைக் காட்டினார்கள் என்று மறக்காமல் சொல்லுங்கள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு அதிக ஆசை.

எல்லோருக்கும் முன்கூட்டியே பொங்கல் வாழ்த்துகள். வீடு வெளிச்சமாக இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்
கருணாபுரம், கள்ளக்குறிச்சி